பேக்-12 உடைந்ததில் புல்மனுக்கு என்ன போயிற்று?

கேள்வி, 2025 செப்டம்பர் 20

என் மகனுக்கு வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. ஊர் பெயர் புல்மன். அந்தப் பல்கலைக்கழகம் இருந்த பேக்-12 என்ற அமெரிக்கக் கால்பந்துக் கூட்டணி உடைந்து ஊரே படுத்துவிட்டது என்று எங்கோ படித்தேன். பிள்ளைகள் யாரோடு பந்து விளையாடினால் என்ன? அதனால் ஒரு ஊர் படுக்குமா? ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

2025 செப்டம்பர் 21, காலை

ஊர் படுக்கவில்லை. ஆனால் ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்றும் ஒதுக்கிவிட முடியாது. நான் புல்மனில்தான் இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் கோதுமை ஆராய்ச்சியில் வேலை. வீட்டின் கீழ்த்தளத்தை ஆட்டம் நடக்கும் வார இறுதிகளில் வாடகைக்கு விடுகிறேன். ஆக எனக்கும் இதில் லாப நஷ்டம் உண்டு. நான் சொல்வதை அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

நேற்றுதான் இங்கே ஆப்பிள் கப் நடந்தது. சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கும் எங்களுக்கும் 1900-லிருந்து நடக்கும் பங்காளிச் சண்டை. 59-24 என்று தோற்றோம். அதற்கு முந்தைய வாரம் நார்த் டெக்சாஸிடம் 59-10. இரண்டு வாரமும் எதிரணிக்கு அதே 59. கடையில் பால் வாங்கப் போனால் கல்லாவில் இருந்த பையன், "இந்த வாரம் நாம் 14 புள்ளி முன்னேறியிருக்கிறோம்" என்கிறான். இந்த ஊர்க்காரர்களுக்குத் தோற்கப் பழகிவிட்டது. ஆட்டமே நடக்காமல் போவதற்குத்தான் பழகவில்லை.

புல்மனின் மக்கள்தொகை சுமார் 33 ஆயிரம். ஸ்டேடியத்தின் கொள்ளளவும் சுமார் 33 ஆயிரம். சியாட்டில் இங்கிருந்து 460 கிலோமீட்டர், நடுவில் ஒரு மலைத்தொடர். கொஞ்சம் பெரிய நகரம் என்றால் ஸ்போக்கேன், அதுவும் 120 கிலோமீட்டர். பெரிய நெடுஞ்சாலை எதுவும் ஊரைத் தொடுவதில்லை. வேறெங்கோ போகிறவர்கள் வழியில் இறங்கிக் காபி குடிக்கும் ஊரில்லை இது. வேலை இருந்தால்தான் வருவார்கள். வருடத்தில் ஆறேழு சனிக்கிழமை அப்படி ஒரு வேலையை உண்டாக்கித் தருவது ஃபுட்பால்.

2025 செப்டம்பர் 21, இரவு

கூட்டணி என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் யார் யாரோடு ஆடுவது என்பதைப் பெரும்பாலும் கான்ஃபரன்ஸ் முடிவு செய்கிறது. டிவி உரிமையை எல்லோருக்கும் சேர்த்து விற்று, வரும் பணத்தைப் பங்கு பிரிப்பதும் அதுதான். மேற்குக் கரையின் கான்ஃபரன்ஸ்தான் பேக்-12. அதன் முன்னோடியில் வாஷிங்டன் ஸ்டேட் 1917-லேயே சேர்ந்துவிட்டது. அங்கே வேடிக்கை என்னவென்றால், லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் யுஎஸ்சிக்கும் கோதுமைக் காட்டுக்குள் இருக்கும் எங்களுக்கும் சம பங்கு. கடைசி வருடங்களில் ஒரு பள்ளிக்கு (பல்கலைக்கழகத்தையும் இங்கே பள்ளி என்றுதான் சொல்வோம்) ஆண்டுக்கு 3 கோடி டாலருக்கு மேல் வந்துகொண்டிருந்தது.

அப்புறம் நடந்தது இது. 2022 ஜூன் 30 அன்று யுஎஸ்சியும் அதே ஊரின் யுசிஎல்ஏவும் பிக் டென் என்ற வேறு கான்ஃபரன்ஸுக்குப் போகிறோம் என்றன. 2023 ஜூலை கடைசியில் கொலராடோ பிக் 12 என்ற இன்னொரு கான்ஃபரன்ஸுக்குக் கிளம்பியது. ஆகஸ்ட் 4, ஒரே நாள்: ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென்னுக்கு; அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12-க்கு. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் அட்லாண்டிக் கரைக் கான்ஃபரன்ஸில் சேர்ந்தன. ஆம், சான் ஃப்ரான்சிஸ்கோ வளைகுடாவில் இருந்துகொண்டு அட்லாண்டிக். மிச்சம் இரண்டே பேர், ஓரிகன் ஸ்டேட்டும் நாங்களும்.

ஆகஸ்ட் 4 வெள்ளிக்கிழமை. அன்று மதியம் ஆய்வகத்தில் யாரும் வேலை செய்த மாதிரி நினைவில்லை. ஃபுட்பாலே பார்க்காத சீனத்து மாணவி ஒருத்தி வந்து, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள்.

2025 செப்டம்பர் 23

"அதிகப் பணம் கிடைக்கும் இடத்துக்குப் போவது தப்பா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போனவர்களை நான் திட்டவில்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் இடத்தில் நாங்கள் இருந்திருந்தால் நாங்களும் போயிருப்போம். இங்கே யாராவது இல்லை என்றால் நம்பாதீர்கள்.

வேர் 1984-இல் இருக்கிறது. அதுவரை கல்லூரி ஆட்டங்களில் எது டிவியில் வரலாம், எத்தனை வரலாம் என்பதை என்சிஏஏ என்ற மைய அமைப்பு கையில் வைத்திருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. இது போட்டியை நசுக்குகிறது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு அவரவர் உரிமையை அவரவர் விற்கலாம் என்றாயிற்று. தனியாக விற்பதைவிடச் சேர்ந்து விற்றால் விலை கூடும், பெரிய நகரம் வைத்திருப்பவர் சேர்ந்தால் இன்னும் கூடும். 1996-இல் டெக்சாஸ் பக்கத்து சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸ் இதே கணக்கில்தான் செத்தது. ரைஸ், ஹூஸ்டன், எஸ்எம்யூ, டிசியூ எல்லாம் தெருவில் நின்றன. டிசியூ ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி 2012-இல்தான் மறுபடி பெரிய வீட்டுக்குள் போனது. 16 வருடம்.

ஒரு கான்ஃபரன்ஸுக்கு டிவிக்காரன் கொடுக்கும் விலை, அந்த அணிகளுக்குப் பின்னால் எத்தனை வீடுகளில் டிவி ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. எங்களைச் சுற்றி இருப்பது கோதுமை. கோதுமை டிவி பார்ப்பதில்லை.

ஆனால் பேக்-12 தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதையும் சொல்ல வேண்டும். 2012-இல் சொந்த டிவி சேனல் ஆரம்பித்தார்கள், கூட்டாளி யாரும் வேண்டாம், முழு லாபமும் நமக்கே என்று. டைரக்டிவி என்ற பெரிய சாட்டிலைட் டிவி நிறுவனம் அதை எடுக்கவே இல்லை. சேனல் பாதி வீடுகளுக்குப் போய்ச் சேரவில்லை. அலுவலகம் மட்டும் சான் ஃப்ரான்சிஸ்கோவில், அந்த ஊர் வாடகையில். 2022-இல் ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டு சேனல் பள்ளிக்கு 3 கோடி டாலர் என்று பேச வந்தபோது, பல்கலைக்கழகத் தலைவர்கள் 5 கோடி கேட்டு அனுப்பியதாகச் செய்திகளில் வந்தது. ஈஎஸ்பிஎன் எழுந்து போய்விட்டது. கடைசியில் ஆப்பிள் நிறுவனத்தின் சந்தா அடிப்படையிலான ஒரு திட்டம்தான் மேசையில் இருந்தது. அதைப் பார்த்த அந்த வாரமே பாதிப் பேர் பெட்டி கட்டிவிட்டார்கள்.

2025 செப்டம்பர் 24

"கூட்டணி தாவல் நமக்குப் புதிதா" என்று எழுதியவருக்கு: நம் ஊரில் தாவினால் அடுத்த தேர்தலில் திரும்பி வருவார்கள். இங்கே டிவி ஒப்பந்தம் முடிகிறவரை நகர முடியாது.

2025 செப்டம்பர் 28

நேற்று கொலராடோ ஸ்டேட்டை அவர்கள் ஊரிலேயே 20-3 என்று ஜெயித்தோம். 59 இல்லாத வாரம். சரி, இன்று வழக்குக் கதை.

2023 செப்டம்பரில் மிச்சமிருந்த இரண்டு பள்ளிகளும் கான்ஃபரன்ஸ் மீதே வழக்குப் போட்டன. போட்ட இடம் விட்மன் கவுண்டி நீதிமன்றம், கோல்ஃபாக்ஸ் ஊரில். புல்மனிலிருந்து கோதுமைக் குன்றுகளுக்கு நடுவே கால் மணி, இருபது நிமிடம் கார் ஓட்டினால் வரும் சின்ன ஊர் அது. நூறு வருடத்துக்கு மேல் பழைய கான்ஃபரன்ஸின் தலையெழுத்தை அங்கே கேரி லிபி என்ற நீதிபதி கேட்டார்.

வாதம் எளிது. கான்ஃபரன்ஸ் விதிப்படி, 2024 ஆகஸ்ட் 1-க்கு முன் விலகுவதாக நோட்டீஸ் கொடுத்த பள்ளிக்கு நிர்வாகக் குழுவில் இடம் கிடையாது. பத்துப் பேர் கிளம்பியாயிற்று, ஆகக் குழு என்பது நாங்கள் இருவர் மட்டுமே. எதிர்த்தரப்பு, நாங்கள் இன்னும் போகவில்லை, போகப் போகிறோம் என்றுதான் சொன்னோம் என்றது. ஆனால் யுஎஸ்சியும் யுசிஎல்ஏவும் அறிவித்தபோது அவர்களைக் குழுக் கூட்டங்களிலிருந்து விலக்கி வைத்தது இதே கான்ஃபரன்ஸ்தான். அதற்கு அவர்களால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. நவம்பரில் நீதிபதி எங்கள் பக்கம் உத்தரவு போட்டார். டிசம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. அதன் பிறகு சமரசம்: போகிறவர்கள் தங்கள் பங்கிலிருந்து மொத்தம் 6.5 கோடி டாலர் விட்டுக்கொடுத்தார்கள். கான்ஃபரன்ஸின் பெயரும் சொத்தும் கடனும் எங்களுக்கு.

பாகப் பிரிவினையில் வீடு கிடைத்தது, குடியிருக்க ஆள் இல்லை.

2025 செப்டம்பர் 30

மகன் விஷயம் கேட்டவருக்கு ஒன்று. ஆராய்ச்சி உதவித்தொகை ஃபுட்பால் பணத்திலிருந்து வருவதில்லை. பேராசிரியருக்கு வரும் ஆராய்ச்சி நிதியிலிருந்தோ துறையிலிருந்தோ வருகிறது. அதைப் பற்றிக் கவலைப்படுவதென்றால் மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி பற்றிக் கவலைப்படுங்கள், ஃபுட்பாலைப் பற்றி வேண்டாம். குளிருக்கு நல்ல ஷூ வாங்கிக் கொடுங்கள். கேம்பஸ் முழுக்க மேடு.

2025 அக்டோபர் 12

மிசிசிப்பியில் நேற்று ஓல் மிஸ்ஸிடம் 24-21. மயிரிழையில் போயிற்று. அந்த வலியோடு எழுதுகிறேன்.

"தோற்றாலும் ஜெயித்தாலும் ஆட்டம் நடக்கிறதே, இப்போதும் ஆறு ஆட்டம் உள்ளூரில் உண்டே, எண்ணிக்கை குறையவில்லையே" என்று ஒருவர் சரியாகப் பிடித்திருக்கிறார். இந்த வருட உள்ளூர் ஆட்டங்கள்: ஐடஹோ, சான் டியேகோ ஸ்டேட், வாஷிங்டன், டோலிடோ, லூசியானா டெக், ஓரிகன் ஸ்டேட். ஐடஹோ பல்கலைக்கழகம் இருப்பது பக்கத்து ஊரான மாஸ்கோவில், 13 கிலோமீட்டர். அவர்கள் ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம், ஓட்டல் அறை எதற்கு? டோலிடோ ஒஹையோவில் இருக்கிறது. லூசியானா டெக் எங்கே இருக்கிறது என்று பெயரிலேயே இருக்கிறது.

2018 அக்டோபரில் இங்கே ஓரிகன் ஆட வந்தது. ஈஎஸ்பிஎன்னின் காலேஜ் கேம்டே நிகழ்ச்சி முதல் தடவையாகப் புல்மனுக்கு வந்ததும் அன்றுதான். அந்த நிகழ்ச்சி எந்த ஊரில் நடந்தாலும் பின்னால் எங்கள் கொடி ஒன்று ஆடும். 2003-லிருந்து எங்கள் முன்னாள் மாணவர்கள் அதை ஊர் ஊராகக் கைமாற்றிக் கொண்டுபோய்ப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், எங்கள் ஊருக்கும் வா என்று. 15 வருடம் கழித்து வந்தார்கள். விடிகாலை இருட்டில் குன்று முழுக்கச் சிவப்பு ஜாக்கெட். 34-20 என்று ஜெயித்தோம். அன்று ஊரில் யாராவது தூங்கினார்களா என்று தெரியாது. டோலிடோவை வைத்து அதை நடத்த முடியாது.

2025 அக்டோபர் 26

டோலிடோ ஆட்டம் முடிந்தது, 28-7, ஜெயித்தோம். கீழ்த்தளம் காலி. இதை வைத்து இன்னொன்று யோசித்தேன்.

எதிரணியின் ரசிகர்கள் வராததுதான் நஷ்டம் என்பது போல முன் குறிப்பில் எழுதியிருந்தேன். அது கதையில் சின்னப் பகுதிதான். என் கீழ்த்தளத்தில் தங்கியவர்களை நினைத்துப் பார்த்தால், எதிரணிக்காரர்கள் அபூர்வம். வருகிறவர்கள் எங்கள் முன்னாள் மாணவர்கள்தான். படித்து முடித்தவர்களில் பெரும்பகுதி மலைக்கு அந்தப் பக்கம், சியாட்டில் சுற்று வட்டாரத்தில் வேலை பார்க்கிறார்கள். ஐந்து மணி நேரம் கார் ஓட்டி வருகிறார்கள். வியாழன், வெள்ளியிலேயே பெரிய பெரிய வீட்டு வண்டிகள் மேடேறும். வண்டிக்குள்ளேயே அடுப்பு, படுக்கை, பின்னால் ஒரு கொடிக்கம்பம்.

யாக்கிமாவிலிருந்து ஒரு தம்பதி பல வருடமாக என்னிடம் தங்குவார்கள். இருவரும் இங்கே படித்தவர்கள், பணி ஓய்வு பெற்றவர்கள். வந்ததும் அந்த அம்மா பல்கலைக்கழகக் கடைக்குப் போய் கூகர் கோல்ட் சீஸ் டப்பாக்களை அடுக்கடுக்காக வாங்கி வருவார், பேரப்பிள்ளைகளுக்கு, பக்கத்து வீட்டுக்கு, தேவாலயத்துக்கு. (தகர டப்பாவில் வரும் சீஸ். இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆராய்ச்சி. இன்றும் தகர டப்பாதான்.) அவர் பெட்ரோல் போடுகிறார், கூக் என்ற பழைய பாரில் பர்கர் சாப்பிடுகிறார், ஒரு ஸ்வெட்டர் வாங்குகிறார். இதுதான் ஊர் வருமானம். போன வருடத்திலிருந்து அவர்கள் எல்லா ஆட்டத்துக்கும் வருவதில்லை. கோபமெல்லாம் இல்லை. அந்த ஐயா சொன்னார், "யுஎஸ்சி வந்தால் முழங்கால் வலி தெரியாது. மற்றவர்கள் வந்தால் தெரிகிறது."

எதிரணி தன் ஆட்களைக் கூட்டி வருகிறதோ இல்லையோ, எங்கள் ஆட்களைக் கூட்டி வந்தது. கான்ஃபரன்ஸ் போனதில் ஊருக்குப் போனது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

2025 அக்டோபர் 27

சீஸ் எங்கே கிடைக்கும் என்று இத்தனை பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. ஃபெர்டினாண்ட்ஸ் என்று கேம்பஸிலேயே கடை. ஐஸ்கிரீமும் உண்டு. தபாலிலும் அனுப்புவார்கள். தோசை மேல் துருவிப் போட்டுப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

2025 நவம்பர் 3

ஓரிகன் ஸ்டேட்டிடம் 10-7. பேசாமல் பருப்பைப் பற்றி எழுதுகிறேன்.

இந்தக் குன்றுப் பகுதிக்குப் பலூஸ் என்று பெயர். கோதுமையும் பயறு வகைகளும் விளைகிற மண். ஆகஸ்டில் பருப்புத் திருவிழா என்று ஒன்று நடக்கும். ராட்சதப் பாத்திரத்தில் மசூர்ப் பருப்பு சில்லி காய்ச்சி எல்லோருக்கும் இலவசமாக ஊற்றுவார்கள். தாளிப்பு கிடையாது. முதல் வருடம் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அழுகை வந்தது. 2019-இல் அமெரிக்காவோடு ஏற்பட்ட இரும்பு, அலுமினிய வரிச் சண்டையில் இந்தியா இங்கத்துப் பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் கூடுதல் வரி போட்டது. அதை நீக்கியது 2023-இல், சரியாக பேக்-12 கலைந்த அதே பருவத்தில். என் பக்கத்து வீட்டு விவசாயிக்கு அந்த வருடம் எது பெரிய செய்தி என்று கேட்டேன். டெல்லிதான் என்றார், கொஞ்சமும் யோசிக்காமல்.

ஆக ஊர் என்றால் ஓட்டலும் பாரும் மட்டுமில்லை. ஷ்வைட்சர் என்ற மின்சாரப் பாதுகாப்புக் கருவித் தொழிற்சாலை இருக்கிறது. இங்கே முனைவர் பட்டம் வாங்கியவர் 1980-களில் ஆரம்பித்தது, இன்று ஊழியர்களே பங்குதாரர்கள். உலகம் முழுக்க மின் நிலையங்களில் அவர்கள் ரிலே இருக்கிறது. அவர்களுக்கு டோலிடோ வந்தாலும் ஒன்றுதான், யுஎஸ்சி வந்தாலும் ஒன்றுதான்.

2025 நவம்பர் 5

"அப்படியென்றால் இழப்பு ஓட்டல்காரனுக்கு மட்டும்தானா?" இல்லை, பல்கலைக்கழகத்துக்கும்தான். இங்கே பழியைக் கொஞ்சம் உள்ளூரிலும் வைக்க வேண்டும்.

2012-இல் ஸ்டேடியத்தின் தெற்குப் பக்கத்தில் பணக்கார இருக்கைகள், 2014-இல் ஃபுட்பாலுக்கென்று தனிக் கட்டடம், ஒவ்வொன்றும் 6 கோடி டாலருக்கு மேல். பேக்-12 டிவி பணம் வந்துகொண்டே இருக்கும் என்று நம்பிக் கடன் வாங்கிக் கட்டியது. சேனலிலிருந்து எதிர்பார்த்தது வரவில்லை, விளையாட்டுத் துறை வருடா வருடம் பற்றாக்குறை. கான்ஃபரன்ஸ் உடைவதற்கு முன்பே கடன் ஏறியிருந்தது. இன்று எல்லாப் பழியையும் சியாட்டில்காரர்கள் தலையில் கட்டுவது வசதியாக இருக்கிறது.

வெட்டு விழுந்தது எங்கே? இந்த ஜூனில் தடகளப் பிரிவில் நீண்ட தூர ஓட்டத்துக்கே முக்கியத்துவம் என்று முடிவு செய்தார்கள். தாண்டுதல், எறிதல் எல்லாம் போயிற்று, குறுந்தூர ஓட்டமும் தடை ஓட்டமும் சுருங்கிப்போயின. டிவியில் யாரும் பார்க்காத பிள்ளைகள். ஃபுட்பால் கூட்டணி மாறியதற்கு ஈட்டி எறிகிற பெண் விலை கொடுத்தாள். (வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்ற நீதிமன்றச் சமரசமும் அதே மாதம்தான் வந்தது. அந்தச் சுமையும் சேர்ந்தது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டம்.)

மாணவர் எண்ணிக்கை குறைந்ததையும் ஃபுட்பாலில் ஏற்றுகிறார்கள். புல்மன் வளாகத்தில் தொற்றுக்கு முன்பு 20 ஆயிரம் அளவில் இருந்தார்கள். சரிவு தொடங்கியது 2023-க்கு முன்பே. அதை இதில் சேர்க்க வேண்டாம்.

2025 நவம்பர் 9

மாஸ்கோவில் இருக்கும் நண்பர் இதைப் படித்துவிட்டு, "எங்களைப் பார்த்துமா அழுகிறீர்கள்?" என்று கேட்டார். நியாயம். ஐடஹோ பல்கலைக்கழகமும் ஒரு காலத்தில் எங்களோடு அதே மேற்குக் கரைக் கான்ஃபரன்ஸில் இருந்ததுதான், 1959-இல் அது கலையும் வரை. அதற்குப் பிறகு அலைந்து அலைந்து, கடைசியில் 2018-இல் தானாகவே ஒரு படி கீழே இறங்கியது. மேல்மட்டத்திலிருந்து அப்படி இறங்கிய முதல் பள்ளி. முன்னாள் மாணவர்கள் கொதித்தார்கள், இனி ஊரே இருக்காது என்றார்கள். ஊர் இருக்கிறது. சனிச் சந்தை நடக்கிறது, புத்தகக் கடை நடக்கிறது. கூரை போட்ட அவர்கள் மைதானம் எங்களுடையதில் பாதி அளவுதான், ஆனால் உள்ளே குளிரில்லை. இந்த வருடம் எங்களிடம் 13-10 என்றுதான் தோற்றார்கள்.

ஆனால் நண்பர் ஒன்றை விட்டுவிட்டார். அவர்கள் இறங்கியது தாங்களே முடிவு செய்து, செலவைக் குறைத்துக்கொண்டு. எங்களுக்குப் படிக்கட்டை எடுத்துவிட்டார்கள், செலவு மேல் மாடியிலேயே இருக்கிறது.

2025 நவம்பர் 16

நேற்று லூசியானா டெக், 28-3. அலுமினிய பெஞ்சில் உட்கார்ந்தால் குளிர் முதுகெலும்பு வழியாக ஏறி மூளைக்குப் போகிறது. அட்டைப் பெட்டியைக் கிழித்துக் கீழே போட்டுக்கொண்டு உட்காருவதுதான் ஊர் வழக்கம்.

நேரம் பற்றி ஒரு நல்ல செய்தி சொல்ல வேண்டும், இதுவரை அழுதாயிற்று. பேக்-12 காலத்தில் ஆட்டம் எத்தனை மணிக்கு என்பது பல சமயம் 12 நாள் முன்புதான் தெரியும், சில சமயம் 6 நாள். கிழக்குக் கரையில் எல்லா ஆட்டமும் முடிந்த பிறகு டிவியில் இடத்தை நிரப்ப இரவு 7.30-க்கு எங்களை ஆட விடுவார்கள். முடிய நள்ளிரவு. அறை போடுவதா, வேண்டாமா, குழந்தைகளைக் கூட்டி வருவதா என்று யாராலும் முடிவு செய்ய முடியாது. கான்ஃபரன்ஸ் உடைந்து சிடபிள்யூ சேனலுக்குப் போன பிறகு பெரும்பாலான ஆட்டங்களின் நேரம் கோடைக்கு முன்பே தெரிந்துவிட்டது. பணம் குறைவாகக் கொடுப்பவன் மரியாதை அதிகமாகக் கொடுக்கிறான்.

ஆப்பிள் கப்பும் அப்படித்தான். முன்பு நவம்பர் கடைசியில், நன்றிநவில் விடுமுறையில் நடக்கும். 2018-இல் இங்கே பனிப்புயலில் ஆடினார்கள், மைதானத்தில் கோடு தெரியவில்லை. மாணவர்கள் பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள், மலைக் கணவாயில் பனி, ஆனால் காலியாகக் கிடக்கும் வாரத்தில் ஓட்டல்கள் நிரம்பும். இப்போது செப்டம்பர். வெயில், மாணவர்கள் எல்லோரும் ஊரில், கூட்டம் அதிகம். ஆனால் செப்டம்பர் எப்படியும் நிரம்புகிற மாதம். ஓட்டல்காரருக்குத் தேவை நவம்பர்.

2025 நவம்பர் 30

மறுபடியும் ஓரிகன் ஸ்டேட், இந்தத் தடவை இங்கே, 32-8. ஒரே மாதத்தில் ஒரே அணியோடு இரண்டு ஆட்டம். ஆள் கிடைக்கவில்லை, வேறென்ன. யாரோ கையில் எழுதிப் பிடித்த அட்டையில் "அடுத்த வாரமும் சந்திப்போமா" என்று இருந்தது.

ஓரிகன் ஸ்டேட் இருக்கும் கோர்வாலிஸ் ஊர்க்காரர்களைப் பார்த்தால் எனக்கு எங்களைவிடப் பாவமாக இருக்கிறது. ஸ்டேடியத்தின் ஒரு பக்கத்தையே இடித்து, 16 கோடி டாலர் செலவில் புதிதாகக் கட்டி, 2023 செப்டம்பரில் திறந்தார்கள். ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் கிளம்பிய அதே மாதம்.

2025 டிசம்பர் 6

எங்கள் பயிற்சியாளர் ஜிம்மி ரோஜர்ஸ் அயோவா ஸ்டேட்டுக்குப் போகிறார். வந்து ஒரே சீசன். முந்தையவர் ஜேக் டிக்கர்ட் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்பு வேக் ஃபாரஸ்டுக்குப் போனார். கூடைப்பந்துப் பயிற்சியாளர் கைல் ஸ்மித் 2024 மார்ச்சில் ஸ்டான்ஃபோர்டுக்கு. அதே மாதம் விளையாட்டு இயக்குநர் பேட் சன் போனது எங்கே தெரியுமா? சியாட்டிலுக்கு, அந்தப் பங்காளி வீட்டுக்கே. ஆட்டக்காரர்களில் கேம் வார்ட் மயாமிக்குப் போய், 2025-இல் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் வீரர் தேர்வில் முதல் ஆளாக வந்தார். மட்டீர் ஓக்லஹோமாவுக்கு.

புல்மனிலிருந்து ஆட்கள் மேலே போவது எப்போதும் இருந்ததுதான். ஆனால் முன்பெல்லாம் மூன்று வருடம், நான்கு வருடம் இருப்பார்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பார்கள், வீடு வாங்குவார்கள். பழைய பயிற்சியாளர் மைக் லீச் எட்டு வருடம் இருந்தார், தினமும் வேலைக்கு நடந்தே வருவார், வழியில் யாரிடமும் எதைப் பற்றியும் பேசுவார். இனி வருகிறவர் வீடு வாங்குவாரா, வாடகைக்கு எடுப்பாரா என்று வீட்டு புரோக்கர் ஒருவரிடம் கேட்டேன். சிரித்தார்.

2025 டிசம்பர் 14

புதிய பேக்-12 பற்றி எழுதாமல் ஏன் தள்ளிப்போடுகிறேன் என்று கேட்கிறீர்கள். சங்கடமாக இருப்பதால்தான்.

2026 ஜூலை 1-இலிருந்து பாய்ஸி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், யூட்டா ஸ்டேட், டெக்சாஸ் ஸ்டேட் எங்களோடு சேர்கின்றன. ஃபுட்பால் இல்லாத கொன்சாகாவும், ஸ்போக்கேனிலிருந்து. முதல் ஐந்தும் மவுன்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸிலிருந்து வருகின்றன. 2024-இல் ஆட ஆளில்லாமல் நாங்கள் நின்றபோது, காசு வாங்கிக்கொண்டாலும், அட்டவணையில் இடம் கொடுத்தது அந்த கான்ஃபரன்ஸ்தான். அதே வருடம் செப்டம்பரில் அவர்கள் வீட்டிலிருந்தே ஆட்களை எடுத்தோம். எடுத்தால் இவ்வளவு அபராதம் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. அந்த அபராதம் செல்லாது என்று நாங்களே வழக்குப் போட்டிருக்கிறோம், 5.5 கோடி டாலர் விவகாரம்.

மவுன்டன் வெஸ்ட்டில் விடப்பட்டவர்களில் வயோமிங்கும் ஒன்று. அது இருக்கும் லாரமி கிட்டத்தட்டப் புல்மன் அளவு ஊர், சுற்றிலும் கோதுமைக்குப் பதில் மேய்ச்சல் நிலம். அங்கேயும் யாராவது கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டுக்கொண்டிருப்பார்கள். பாய்ஸி ஸ்டேட் வரும் வார இறுதிதான் அவர்களுக்கு நல்ல வார இறுதியாக இருந்திருக்கும். அது இனி எங்களுக்கு.

இதைச் சொன்னால் இங்கே சிலருக்குப் பிடிக்காது. "நாங்கள் பிழைக்க வேண்டாமா" என்பார்கள். வேண்டும்தான். 2023 ஆகஸ்டில் சியாட்டிலில் சொன்னதும் அதுதான்.

2025 டிசம்பர் 15

பாய்ஸிக்காரர்கள் உண்மையிலேயே வருவார்களா என்று கேட்டவருக்கு: வருவார்கள். ஆறு மணி நேரத்துக்குள் கார் தூரம், 95-ஆம் நெடுஞ்சாலையில் ஆற்றை ஒட்டி வரும் அழகான பாதை. சொந்த அணிக்காகப் பயணம் போய்ப் பழகியவர்கள், நீலப் புல்தரையில் ஆடுகிற கூட்டம். அதைவிட முக்கியம், அவர்களைத் தோற்கடிக்க வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கும் ஆசை இருக்கும். யாக்கிமா அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். தேதி வந்ததும் சொல்லுங்கள், அந்த வாரம் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்றார்.

வாடகையை ஏற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.